காங்கேய நாட்டுக் கணக்கு



காங்கேயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1950ஆம் ஆண்டில் பிறந்த குடியானவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவர் வீடு மாறியதில்லை, காடு மாறியதில்லை, கிணறும் அதே கிணறுதான். (மானாவாரி நிலத்தைக் காடு என்பது கொங்கு நாட்டு வழக்கு.) ஆயினும் அவருடைய ஊர் மாவட்டத்தின் பெயரை மட்டும் மும்முறை மாற்றிக்கொண்டுவிட்டது. அவர் பிறந்தபோது அது கோயம்புத்தூர் மாவட்டம். 1979இல் பெரியார் மாவட்டம். 1996இல் அதுவே ஈரோடு மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2009இல் திருப்பூர் மாவட்டம் புதிதாக அமைந்தபோது காங்கேயம் அதனைச் சேர்ந்தது. பாட்டன் வாங்கிய கிரயப் பத்திரத்தில் ஒரு மாவட்டம், தகப்பனார் எழுதிய பாகப்பிரிவினையில் மற்றொரு மாவட்டம், இன்று பேர்த்தி தன் கைப்பேசியில் அரசின் இணையத்தளத்தைத் திறந்தால், அது கேட்கின்ற முதற்கேள்வியே, “மாவட்டம் எது?” என்பதுதான்.

அரசு ஒரு குடியானவரின் நிலத்தையும் ஓர் ஊரின் பெயரையும் எங்கே எழுதி வைத்தது? எழுதியதை யார் படிக்க முடிந்தது? இவ்விரண்டு கேள்விகளே இன்றைய பேச்சின் பொருள். பின்னலாடையால் பெயர்பெற்ற திருப்பூர்ப் பகுதியில், நெல் ஆலைகளும் தேங்காய்க் களங்களும் காளைகளும் நிறைந்த காங்கேயத்தை இதற்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கு எழுதப்பட்ட கணக்கு கல்லிலும் இருந்தது, கட்டிலும் இருந்தது, இப்பொழுது கண்ணாடித் திரையிலும் இருக்கிறது.

கொங்கு மண்டலம் இருபத்து நான்கு நாடுகளாகப் பிரிந்திருந்தது என்பது பழைய மரபு. அவற்றுள் ஒன்று காங்கேய நாடு. கொங்குச் சோழர் முதலானோர் ஆண்ட அந்த நாளில், ஒருவர் கோயிலுக்கு நிலம் விட்டால், அச்செய்தியை ஓலையில் எழுதியதோடு நிறுத்தவில்லை. கோயிற் சுவரிலே வெட்டினார்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாம் ஆட்சியாண்டு, இன்ன நாட்டு இன்ன ஊர், கிழக்கெல்லை இது, தெற்கெல்லை இது என்று நான்கு எல்லைகளையும் ஒன்றுவிடாமற் பொறித்தார்கள். இறுதியில், இத்தருமத்தை அழித்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்னும் பொருள்பட ஒரு சாபத்தையும் சேர்த்தார்கள். காவலர் இல்லாத இடத்திலே சாபம் காவல் செய்தது போலும்!

கல்வெட்டுகளை நாம் பெரும்பாலும் அரசர்களின் வரிசையை அறிவதற்காகவே படிக்கிறோம். தேர்வுக்கு அதுதானே வேண்டியிருக்கிறது! ஆனால் அவற்றை வெட்டியவர்களின் நோக்கம் வேறு. ஒரு நிலம் யாருடையது, அதன் வருவாய் எதற்கு உரியது என்பதை ஊரார் கண்முன்னே நிறுத்தி வைப்பதே அவர்கள் நோக்கம். எவரும் மறைக்க முடியாது. இரவோடு இரவாக மாற்றி எழுதவும் இயலாது. கோயிற் சுவர் அந்நாளின் பொதுப் பதிவேடாக விளங்கியது.

எனினும் ஓர் உண்மையை மறந்துவிடலாகாது. சுவர் பொதுவாயினும் எழுத்தறிவு பொதுவன்று. அதனினும் கொடுமை, அந்தச் சுவரை அணுகும் உரிமையே பலருக்கு இல்லை. கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று நூற்றாண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு, உள்ளே பொறித்த கல்வெட்டு இருந்தும் இல்லாததே. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேச உரிமையை உறுதிப்படுத்தும் சட்டம் 1947இல் வந்தது. அதற்குள் அக்கல்வெட்டுகளின் காலம் என்றோ முடிந்துபோயிருந்தது. பொதுவில் வைக்கப்பட்ட எழுத்து எல்லார்க்கும் எட்டிவிடுவதில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

இனி, கல் போய்க் காகிதம் வந்த கதையைக் காண்போம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அக்கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை காங்கேயத்திற்கு அருகில் மேலப்பாளையத்தில் பிறந்தவர். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். மைசூர் அரசுக்குச் சென்றுகொண்டிருந்த வரிப்பணத்தை அவர் மறித்து வாங்கிக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை வாங்கிக்கொண்டதாகப் போய்ச் சொல்லுங்கள் என்று கூறினாராம். இது மக்கள் வழங்கும் கதை. கதையே ஆயினும், வரி என்பது இம்மண்ணில் எத்துணைச் சூடான பொருளாக இருந்தது என்பதற்கு அது சான்று.

கம்பெனியார் நிலவரியை வாங்குவதற்குக் கையாண்ட முறை ரயத்துவாரி எனப்படும். பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் தொடங்கிய அம்முறை, மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் மாகாணமெங்கும் வேரூன்றியது. இடையிலே ஜமீன்தார் இல்லை. அரசு நேரே குடியானவரோடு பேசும். அவருக்குப் பட்டா என்னும் சீட்டை வழங்கும். கேட்பதற்கு மிக எளிய ஏற்பாடு. ஆனால் சென்னையில் இருந்த ஆளுநர் காங்கேயத்துக் குடியானவரோடு எப்படி நேரே பேசுவார்? பேசுவதற்கு ஒரு வாய் வேண்டும்; எழுதுவதற்கு ஒரு கை வேண்டும். அந்த வாயும் கையுமாக அமைந்தவரே கிராமக் கணக்கர், அஃதாவது கர்ணம்.

கர்ணத்தின் வீட்டிலே சிவப்புத் துணியில் சுற்றிய கட்டுகள் இருக்கும். எந்தப் புல எண் யாருடையது என்று சொல்லும் ‘அ’ பதிவேடு ஒன்று. ஒருவர்க்கு எந்தெந்த நிலங்கள் உண்டு என்று சொல்லும் சிட்டா மற்றொன்று. எந்த நிலத்தில் இவ்வாண்டு என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல் வேறொன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தி கூடும்போது இக்கட்டுகள் அதிகாரியின் முன் அவிழும். மற்ற நாள்களில் அவை அவிழ்வதும் அவிழாமையும் கர்ணத்தின் விருப்பம். கணக்கைப் பார்க்க வேண்டுமானால் கர்ணத்தைப் பார்க்க வேண்டும். அவர்களுள் நேர்மையாளர் பலர் இருந்தனர். ஊரின் நினைவே உருவெடுத்து வந்தாற்போல விளங்கியவர்களும் உண்டு. ஆனால் ஒருவருடைய நேர்மையை நம்பி ஓர் ஊரின் உரிமை தொங்கிக்கொண்டிருப்பது நல்ல ஏற்பாடு ஆகாது. சுவரில் இருந்தது பெட்டிக்குள் சென்றுவிட்டது. கல்லிலிருந்து காகிதத்திற்கு வந்ததை வளர்ச்சி என்று எண்ணுகிறோம். பார்க்கும் உரிமையை அளவுகோலாகக் கொண்டால் அது ஒரு படி இறக்கம் என்றே நான் சொல்வேன்.

விடுதலைக்குப் பின்னரும் இந்நிலை முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1980 நவம்பரில் தமிழ்நாட்டரசு, பரம்பரையாக வந்த பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982இல் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கர்ணத்தின் இடத்திற்குத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இதற்குச் சற்று முன், 1979இல், நில உடைமைப் பதிவுகளை நாளதுவரை திருத்தும் பெருந்திட்டம் ஒன்றும் தொடங்கியது. யு.டி.ஆர். என்று ஊர்ப்புறத்தில் இன்றும் வழங்குவது இதுவே. பல்லாண்டுகளாகப் பாட்டன் பெயரிலே கிடந்த பட்டாக்களை அனுபவிப்பவர் பெயருக்கு மாற்றுவதும், ஏக்கர் கணக்கை ஹெக்டேர் கணக்காக்குவதும் அதன் வேலைகள். நல்ல நோக்கம்தான். ஆனால் மாநிலம் முழுதும் ஒரே மூச்சில் நடந்த வேலை ஆதலின் பிழைகள் புகுந்தன. அண்ணன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தம்பி பெயர். பட்டா நிலம் புறம்போக்காகக் குறிக்கப்பட்டது. உட்பிரிவு ஒன்று விடுபட்டது. காகிதத்தில் நேர்ந்த இப்பிழைகள் பலருக்குத் தெரியவே தெரியாது. விற்கப் போனபோதோ, வங்கியிற் கடன் கேட்டபோதோ, தகப்பனார் காலமான பின்போதான் அவை வெளிப்பட்டன.

இந்த நிலையிலேதான் கணிப்பொறி வந்தது. மைய அரசின் தேசியத் தகவலியல் மையம் 1976இல் அமைந்தது. 1980களின் பிற்பகுதியில் அது துணைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை இணைத்தது. பொதுமக்கள் பயன்படுத்தும் இணையத் தொடர்பு இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. ஆனால் கம்பி வந்தால் மட்டும் போதுமா? அதன் வழியே வருவது எந்த மொழி?

இங்கே நம் கதை காங்கேயத்தை விட்டுச் சற்றே கடல் கடக்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் தமிழ் முதலில் எழுந்தது அரசு அலுவலகங்களில் அன்று. அயல்நாட்டுத் தமிழரின் மேசைகளில். சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியவர்களுள் முன்னோடி. அவருடைய முயற்சியால் 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு ஒன்று கூடியது. அந்நாளில் பெருந்தொல்லை எழுத்துருவே. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்குத் தோன்றிய எண்களைக் கொடுத்திருந்தது. ஒருவர் ‘அம்மா’ என்று எழுதி அனுப்ப, மற்றவர் கணிப்பொறியில் அது பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அரசு ஒரு சான்றிதழைத் தமிழில் அனுப்பினாலும் இதே கதி. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டுக்குப் பின் தமிழ்நாட்டரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் தரங்களை அறிவித்தது. ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை அதன் பயன். உலகப் பொதுக் குறியீடாகிய யூனிக்கோடை அரசு தரமாக ஏற்றுக்கொண்டது 2010இல். அவ்வாண்டு ஜூன் திங்களில் செம்மொழி மாநாடு நிகழ்ந்த கோவை நகரம் காங்கேயத்திற்கு அண்மையது. இந்தத் தரங்கள் இல்லையேல், கைப்பேசியில் தமிழில் பட்டா என்பது வெறுங் கனவு. சாலை போட்டவர்களை நாம் நினைக்கிறோம். எழுத்துக்குச் சாலை போட்டவர்களை மறந்துவிடுகிறோம்.

நிலக்கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி ‘தமிழ் நிலம்’ என்னும் மென்பொருளின் வழியாக வட்டாட்சியர் அலுவலகங்களில் நடைபெற்றது. இன்று காங்கேயம் வட்டத்தின் ஒரு சிற்றூரில் இருப்பவர், மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்து புல எண்ணைக் கொடுத்தால் பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் காணலாம். புல வரைபடத்தையும் பெறலாம். பதிவுத்துறையின் தளத்தில் வில்லங்க விவரமும் கிடைக்கிறது. அரசிடம் தகவல் கேட்கும் உரிமையைச் சட்டமாக்கிய முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு. அது 1997இல், அச்சட்டத்தில் விதிவிலக்குகள் மலிந்திருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. சட்டம், கேட்டால் கொடுக்க வேண்டும் என்கிறது. இணையமோ கேளாமலே காட்டுகிறது. கட்டிலே முடங்கிக் கிடந்தது மீண்டும் சுவரேறிவிட்டது!

ஆயின் அச்சுவரில் என்ன எழுதியிருக்கிறது? கணிப்பொறி புதிதாக நிலத்தை அளந்து எழுதவில்லை. யு.டி.ஆர். பதிவில் இருந்ததையே அது வாங்கிக்கொண்டது. அதன் பிழைகளையும் வாங்கிக்கொண்டது. முன்பு பெட்டிக்குள் உறங்கிய பிழை இப்போது உலகமெல்லாம் பார்க்கும்படி விழித்துக்கொண்டிருக்கிறது. இதைச் சிலர் இணையத்தின் குற்றம் என்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. உரியவரே தம் பிழையைக் கண்டுகொள்வதற்கு இருநூறு ஆண்டுகளில் கிடைத்த முதல் வாய்ப்பு இது. ஆனால் காண்பது ஒன்று, திருத்துவது வேறொன்று. யு.டி.ஆர். பிழையைத் திருத்த வேண்டுமானால் பழைய பத்திரங்களோடு மனு கொடுக்க வேண்டும். மாவட்ட வருவாய் அலுவலர் வரை அது செல்ல வேண்டும். ஒருவர் நேரில் வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே விசைப்பலகையால் ஆவது சிறிதே.

அண்டை மாநிலத்தின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். கருநாடகத்தில் ‘பூமி’ என்னும் திட்டம் 2000ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ இரண்டு கோடி நிலப்பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றியது. பதினைந்து ரூபாய் கட்டி உழவர் தம் பதிவின் படியைத் தாலுகாத் தலைநகரிலே பெற்றனர். உலகெங்கும் அத்திட்டம் புகழப்பட்டது. பின்னர் ஆய்வாளர் சிலர் மறுபக்கத்தைக் காட்டினர். கணக்கு ஊரைவிட்டுத் தாலுகாவுக்குச் சென்றதால் எளியவர் நடை கூடியது என்றும், எங்கே எந்த நிலம் இருக்கிறது என்பதைப் பெருமுதலாளிகள் எளிதில் அறிந்து வளைத்துக்கொள்ளவும் அது வழி செய்தது என்றும் அவர்கள் எழுதினர். வெளிச்சம் திருடனுக்கும் வழிகாட்டும் அல்லவா? அதற்காக விளக்கை அணைத்துவிட முடியாது. ஆனால் இருட்டிலே கிடந்தவர் கையில் முதலில் விளக்கைக் கொடுக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் அப்படி ஒரு முயற்சி மதுரை மாவட்டம் மேலூரில் 2001இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசி நுட்பத்தைக் கொண்டு சிற்றூர்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. பிறப்புச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். சில காலம் எல்லாம் நன்றாக நடந்தது. ஆர்வம் காட்டிய அலுவலர்கள் மாற்றலாகிச் சென்றனர். பின் வந்தவர்கள் அவ்விண்ணப்பங்களைப் பொருட்படுத்தவில்லை. அரசுச் சேவை நின்றது. 2005ஐ ஒட்டி நிலையங்களுள் பெரும்பாலானவை மூடிக்கிடந்தன. நுட்பம் தோற்கவில்லை, கம்பியின் மறுமுனையில் ஆள் இல்லை.

வானொலியில் பேசுகின்ற எனக்கு இங்கே ஒரு சிறு பெருமை பேச இடங்கொடுங்கள். 1960களில் திருச்சி வானொலி தஞ்சை உழவர்க்கு ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைப் பற்றி இடைவிடாமற் சொல்லிவந்தது. உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டனர். கோவையில் வானொலி நிலையம் அமைந்தது 1966இல். ஒலிக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. அதுவே அதன் வலிமை. இதை நன்கு உணர்ந்தவர்கள் புதுச்சேரிச் சிற்றூர்களில் 1998 முதல் அறிவு மையங்களை நடத்திய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். வில்லியனூரில் இருந்த நடு நிலையத்தினர் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலையின் உயரத்தை அறிந்து அனுப்ப, வீராம்பட்டினத்தில் அதை ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மீனவர் எவரும் கணிப்பொறியைத் தொட வேண்டியதில்லை. தமிழில் காதால் கேட்டாற் போதும். கல்வெட்டு எட்டாதவர்க்கும் எட்டும் வழி அதுவே.

நிலத்திற்குக் கணக்கு இருப்பதுபோல ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. அயலாரிடம் தன்னை இன்னது என்று சொல்லிக்கொள்ளும் கணக்கு அது. சுற்றுலா என்பது அதைப் படிக்க வருவோரின் வருகையே. காங்கேயத்திற்கு ஆள் வருவது புதிதன்று. ஊருக்கு வடக்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல், சங்க காலத்தில் மணிகளுக்கும் இரும்புக்கும் பெயர்பெற்ற தொழிலூர். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுவே என்பர். மேற்குக் கடற்கரைக்கும் கருவூருக்கும் இடையிலான வணிகப்பாதை இவ்வழியே சென்றது. அகழ்வாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் வெட்டி எடுத்த செய்தியும் உண்டு. ஆனால் இன்று அரசின் தளங்கள் மாவட்டவாரியாக அமைந்தவை. கொடுமணல் ஈரோடு மாவட்டம். படியூர் திருப்பூர் மாவட்டம். சின்னமலை பிறந்த ஊர் ஒரு மாவட்டம். அவர் கோட்டை கட்டிய ஓடாநிலை மற்றொரு மாவட்டம். ஒரே வரலாறு இரண்டு பக்கங்களில் கிழிந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, ஊரின் பெயரையே காங்கயம் என்றும் காங்கேயம் என்றும் இருவகையாக எழுதுகிறோம். மனிதர் இரண்டும் ஒன்றே என்று உணர்ந்துகொள்வர்; தேடுபொறி எப்போதும் அவ்வாறு உணரும் என்று சொல்வதற்கில்லை.

இணையத்தின் உதவியை நாடாமலே செய்தி பரப்பும் ஓர் ஏற்பாடு சிவன்மலையில் இருக்கிறது. அங்குள்ள முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் தோன்றி ஒரு பொருளைச் சொல்லுவான் என்பதும், அவர் வந்து தெரிவித்ததும் சுவாமி முன் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தால் அப்பொருளை அப்பெட்டியில் வைப்பர் என்பதும் அங்குள்ள வழக்கம். அடுத்த கனவு வரும் வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், நெல் என்று எத்தனையோ பொருள்கள் இருந்திருக்கின்றன. நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். வரலாற்று மாணவனுக்கு அதன் அமைப்பே சுவையானது. யாரும் மறைக்க முடியாதபடி கண்ணாடிக்குள்ளே, எழுத்தறியாதவரும் அறியும் வண்ணம் எழுத்தின்றி, ஒரு செய்தி! இன்று அப்பெட்டியில் பொருள் மாறினால் அன்று மாலைக்குள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் கொங்கு மக்கள் கைப்பேசியில் அதன் படத்தைப் பார்த்துவிடுகின்றனர். கோயில் நிலங்களின் பதிவுகளையும் அறநிலையத்துறை 2021 முதல் இணையத்தில் ஏற்றிவருகிறது. சுவரிலே தொடங்கியது சுற்றிச் சுற்றி அவ்விடத்திற்கே வந்து சேர்ந்திருக்கிறது.

காளைகளின் கதையும் இதுவே. கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு முன்பெல்லாம் வாய்வழியாகவே செய்தி போகும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்த காங்கேயம் இனம், டிராக்டர் வந்தபின் எண்ணிக்கையில் மெலிந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர் சென்னைக் கடற்கரையில் திரண்டபோது, அவர்கள் கைப்பேசிகளில் ஓயாமல் உலவிய படங்களுள் காங்கேயம் காளையின் திமிலும் ஒன்று. ஆனால் படம் பார்த்து வருபவர்க்குக் காளையைத் தெரியும். அது மேயும் கொறங்காடு தெரியாது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிறைந்த அம்மேய்ச்சல் நிலத்திற்குச் சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி. வேலி இருந்தால் காடு. காடு இருந்தால் காளை. விருந்தினர்க்குக் காட்ட வேண்டியது அதுதான். ஆனால் எந்தப் பட்டியலிலும் அதற்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை.

வருவோரை அழைப்பதற்கு மட்டுமன்றி அளப்பதற்கும் அரசு இணையத்தைக் கையாளத் தொடங்கிவிட்டது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இணையவழி அனுமதிச்சீட்டு வேண்டும் என்னும் ஏற்பாடு, உயர் நீதிமன்ற ஆணையால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. மலையும் மூச்சுவிட வேண்டுமல்லவா? காங்கேயத்திற்கு அந்த நெருக்கடி இன்னும் வரவில்லை.

நாம் தொடக்கத்தில் விட்டுவந்த முதியவரிடம் திரும்புவோம். பேர்த்தி திருப்பூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வட்டத்தையும் கிராமத்தையும் சொல்லி, புல எண்ணை அழுத்திவிட்டாள். திரையில் பட்டா விரிகிறது. “கிழக்கே யாரு காடுன்னு போட்டிருக்குது, அம்மணி?” என்கிறார் அவர். கிரயப் பத்திரத்திலே நான்கெல்லை படித்துப் பழகியவர் அல்லவா? “எல்லையெல்லாம் போடலைங்க அப்பாரு. நம்பரும் ஹெக்டேரும்தான் இருக்குதுங்க. உங்க பேரோட சின்னப்பாரு பேரும் சேர்ந்திருக்குதுங்க.” தம்பி தம் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து தகரப்பெட்டியைத் திறந்து, பெரியார் மாவட்டம் என்று எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துக்கொள்கிறார். அவள் புல வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள்கிறாள். அடுத்த ஜமாபந்திக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இருவரும் கிளுவை வேலியோரமாக நடக்கிறார்கள். எல்லைக்கல் எங்கே என்று தேடி, கைத்தடியால் அவர் மண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்.